பல்புக்குக் கட்டிய கோட்டை

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் என் தம்பி போட்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பட்டப்பகலில், அவனுடைய பனியன் கம்பெனி மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. சூரியனைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம், உள்விளிம்பில் லேசான சிவப்பு. "கோட்டை கட்டியிருக்குதுங்க. எங்க அத்தை இருந்திருந்தா மழை என்னைக்குன்னு சொல்லியிருப்பாங்க" என்று கீழே எழுதியிருந்தான். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். "மழை அத்தையை மறக்க முடியுமா?" "அவங்க கண்ணுக்கு முன்னாடி இந்தக் காலத்து சாட்டிலைட்டு எம்மாத்திரம்?" கும்பிடுகிற கை, பூங்கொத்து, கண்ணீர் விடுகிற மூஞ்சி. ஒருவர் அத்தைக்குத் தெய்வப் பிறவி என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபதைத் தாண்டிய கிழடுகள் நாம். நமக்குள்ளாவது நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொள்ள வேண்டாமா? அத்தை தெய்வப் பிறவி அல்ல. அத்தைக்கு மழையைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது. அத்தைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நம் பெரியவர்கள் துணி காயப்போட்டார்கள். இதுதான் விஷயம். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போகிறது. பொறுத்துப் படியுங்கள்.

அருள்புரத்துக்கு மேற்கே எங்கள் சலவைப் பட்டறை இருந்ததே, அந்தக் காட்டை நினைத்துப் பாருங்கள். இப்போது அங்கே கண்ணாடி வைத்த கம்பெனிகள் நிற்கின்றன. அப்போது நாலு சிமெண்டுத் தொட்டி, ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு, மிச்சமெல்லாம் காயப்போடுகிற களம். மிஷினிலிருந்து பழுப்பாக வருகிற பனியன் துணியை வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, கடைசித் தொட்டியில் நீலம் போட்டுப் பிழிந்து களத்தில் விரிப்பார்கள். உலர்த்துகிற மிஷினெல்லாம் யார் கண்டது? வெயில்தான் மிஷின். துணி காய்கிறபோது ஒரு மழை பெய்தால் செம்மண் தெறித்து எல்லாம் பாழ், மறுபடியும் முதல் தொட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உங்களுக்கு அந்த வெள்ளைக் களத்தில் ஓடியதுதான் ஞாபகம் இருக்கும். பனியன் துணி குழாயாக வரும் அல்லவா, காய்ந்த துணிக்குள் ஒரு முனையில் தலையை விட்டு மறுமுனை வரை ஊர்ந்துபோய், "எவண்டா அது?" என்று யாராவது சத்தம் போட்டதும் உள்ளேயே சுருண்டு கிடப்போம். உள்ளே வெதுவெதுப்பாக, பால் நிறத்தில் வெளிச்சமாக இருக்கும். எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அதைவிட அதிகமாக ஞாபகம் இருப்பது பவுடர் நெடி. மூக்குக்குள் போய் மண்டையில் ஏறும். பட்டறையில் எல்லோருக்கும் எந்நேரமும் கண் சிவந்துதான் இருக்கும். அதனால்தான் அத்தையின் கண் சிவந்ததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்து, மாமா தவறிப்போனதும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். நாற்பதை ஒட்டிய வயது. நீலத்தொட்டி அவர் பொறுப்பு. தகரக் கொட்டகையின் இருட்டு மூலையில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதன் கீழே நின்றுகொண்டு நீலம் கரைப்பார். நகக்கண்ணெல்லாம் நீலம் ஏறியிருக்கும், சோறு பிசைகிற கையும் நீலம்தான். வீட்டில் அவரிடம் வேலை சொல்லுவார்கள். அதைத் தவிர ஒரு பேச்சு கிடையாது. என்ன குழம்பு வைக்கலாம், நோம்பி பண்டிகைக்கு என்ன சேலை வேண்டும், எந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், எதுவும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருசம் ஐப்பசி மாதம், ஒரு முற்பகல். களம் முழுக்கத் துணி. அத்தை கொட்டகையிலிருந்து வெளியே வந்து, கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து மேலே பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, பொழுதுக்குக் கோட்டை கட்டியிருக்குதுங்க பாருங்க. எட்டக் கட்டியிருக்குது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் அலசல் தொட்டித் தண்ணீரில் பார்த்தேன். பாலாடை விரித்ததுபோல வானம், நடுவில் சூரியன், அதைச் சுற்றி வட்டம். எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை என்ற பழமொழி உங்களுக்கும் தெரியும். அப்பாவுக்கு மனசில்லை. நல்ல வெயில்தானே என்று இழுத்தார். கடைசியில் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடிக்கச் சொன்னார். அந்தச் சத்தம் கேட்டால் பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் ஓடிவந்து துணியைச் சுருட்ட வேண்டும், அதுதான் வழக்கம். சாயங்காலத்துக்குள் காய்ந்தது உள்ளே போய்விட்டது. மறுநாள் புதுத்துணி எதையும் விரிக்கவில்லை. மத்தியானம் வானம் உடைந்துகொண்டு கொட்டியது. பக்கத்துக் களத்தில் விரித்திருந்த துணியெல்லாம் செம்மண் குழம்பு.

அந்த வட்டம் அசல் வட்டம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. நாம் இங்கே வெந்துகொண்டிருந்தாலும், பறவை எட்டாத உயரத்தில் இருக்கிற அந்த மெல்லிய மேகம் முழுக்கப் பொடிப்பொடியான பனிக்கட்டி. ஒவ்வொன்றும் ஆறு பட்டை தீட்டினதுபோல இருக்கும். வெயில் ஒரு பட்டையில் புகுந்து இன்னொரு பட்டையில் வெளியேறும்போது திரும்புகிறது, அநேகமாக எல்லாம் ஒரே அளவுக்குத் திரும்புகிறது. அதனால் வட்டமும் எப்போது வந்தாலும் ஒரே அளவு. கையை நீட்டிக் கட்டை விரலால் சூரியனை மறைத்தால், விரித்த சுண்டு விரல் நுனியில் வட்டம் நிற்கும். ஒரு சாண். சிவப்பு குறைவாகத் திரும்புவதால் உள்பக்கம் நிற்கும். மழை மேகம் வருகிறபோது முன்னால் இந்தப் பனிமேகம் வருவதும் உண்டு, வந்துவிட்டுப் பேசாமல் போவதும் உண்டு. இதெல்லாம் நான் பின்னாளில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. ஏன் தேடினேன் என்பது கடைசியில் புரியும்.

மழை விட்டதும் அப்பா அத்தையைக் களத்துக்குக் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்க அந்த இரும்புக் கம்பியை அவர் கையில் கொடுத்தார்.

"இனி உன்ற கண்ணுதான் அம்மிணி நம்ம பட்டறைக்கு. கோட்டை தெரிஞ்சா எங்கிட்டக் கேக்க வேண்டாம். நீயே அடி."

அத்தை கம்பியைச் சேலை முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு காலையில் தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். பக்கத்துக் களத்துக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு விரிக்கலாமுங்களா?" என்று கேட்பார். உங்களில் பலருடைய அப்பாக்களும் வந்து கேட்டவர்கள்தான். மழை அத்தை என்ற பெயர் அப்போது வைத்தது. அத்தை சிரித்து நான் பார்த்த மாதங்கள் அவை மட்டும்தான்.

இனி நீங்கள் யாரும் எழுதாத கதை.

ஒரு நாள் மூட்டமாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து நீலத்தொட்டி ஓரமாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். அத்தை பல்பையே பார்த்தபடி நின்றார்.

"பல்புக்குக்கூடக் கோட்டை கட்டியிருக்குது பாரு கண்ணு. எத்தனை அழகு."

நான் பார்த்தேன். தூசி படிந்த குண்டு பல்பு, ஒரு சிலந்திக்கூடு.

"எங்கீங்கத்தை? எனக்கொண்ணும் தெரியலீங்களே."

"நல்லாப் பாரு. உள்ளார நீலம், வெளியில செவப்பு."

"பொழுதுக்குக் கட்டுனப்போ செவப்பு உள்ளாரயல்லங்க இருந்துச்சு?"

அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டார். நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோல் கறுத்திருந்தது. தலைநோவு என்று கொஞ்ச காலமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொரியை அப்படியே போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினேன்.

"ஏனுங்கப்பா, அத்தைக்குப் பல்பு மேலயும் வட்டம் தெரியுதுங்க. எனக்குத் தெரியலீங்க."

அப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "பல்புக்கே கட்டிருச்சா? அப்ப இன்னைக்கே கொட்டும்போல இருக்குது. அடிக்கச் சொல்லுங்க."

தண்டவாளம் அடித்தார்கள். துணியைச் சுருட்டினார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது, ஒரு பெண்ணுக்கு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றால் கண்ணுக்கு என்ன என்று கேட்பார்கள். நம் ஊரில் துணியைச் சுருட்டினோம். நெற்றியில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

அன்றைக்கு மழையும் வந்து தொலைத்தது. இந்தக் கொடுமையைக் கேளுங்கள். அத்தைக்கு இருந்த மாதிரியான கண்ணில், வெளிச்சம் மங்கினால் கண் பாப்பா விரிந்து, உள்ளே நீர் வடிகிற வழி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறி, கண்ணின் முன்தோல் நீர் கோத்து வீங்கும். அந்த நீர் வழியாகப் பார்த்தால் விளக்கெல்லாம் வானவில் கட்டும். மூட்டமான நாளில் வெளிச்சம் மங்குகிறது, மழையும் மூட்டத்தில்தான் வருகிறது. அதனால் அத்தையின் வட்டம் பாதி நாள் பலித்தது. பலித்த நாளை எல்லோரும் ஊர் முழுக்கச் சொன்னார்கள். பலிக்காத நாளில் மழை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒதுங்கிவிட்டது என்றார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பெரிய சரக்கு. திருப்பூர் வியாபாரி ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பாதி காய்ந்திருந்தபோது அத்தை கொட்டகையிலிருந்து வந்து தண்டவாளத்தை அடித்தார். அரை ஈரத்தோடு சுருட்டி உள்ளே அடுக்கினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. அன்றும் மறுநாளும் மூட்டம் போட்டது, அவ்வளவுதான். பிரித்தபோது துணியெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சைத் திட்டு.

அப்பா களத்து நடுவில் நின்று கத்தினார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? வானத்துல எங்க கோட்டை கட்டியிருந்துச்சு, காட்டு பாக்கலாம்!"

"எனக்குத் தெரிஞ்சுதுங்கண்ணா."

"உனக்கு மட்டும் தெரியறதுக்கு நீ என்ன சாமியாடியா?"

கம்பியை அத்தையின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார். துணியைப் பிரித்தவர்கள், வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். நேற்று வரை விரிக்கலாமா என்று கேட்டு நின்ற பக்கத்துக் களத்துக்காரர் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்தேன். உனக்கு மட்டும் தெரிகிறதா என்று அப்பா கேட்டாரே, அது சரியான கேள்விதான். அதைக் கோபத்தில் கேட்காமல், ஐப்பசியிலேயே அக்கறையோடு கேட்டிருந்தால் அத்தைக்குக் கண் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அத்தை வட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கேட்டால்கூட, "இப்பெல்லாம் கட்டறதில்ல கண்ணு" என்பார். பொய். சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதையும், தட்டில் சோறு இருக்கிற இடத்தைக் கையால் தேடுவதையும் நான் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். "பெரியவீங்களப் பத்திக் குத்தம் சொல்லாத" என்று தலையில் ஒரு குட்டு. அத்தை கரைத்த நீலம் இரண்டு தரம் கூடிப்போய், பனியன் துணி ஆகாய நிறத்தில் வந்தது. அதற்கும் திட்டு வாங்கினார்.

மாசியில் ஒரு சாயங்காலம், அத்தை தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி. கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. கண் சிவந்தது பவுடர் நெடி, வாந்தி எடுத்தது பித்தம் என்று அம்மா முடிவு கட்டி, சுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தார். பித்தம் இறங்கட்டும் என்று எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். கடைசியில், எதிரே யார் நிற்கிறார்கள் என்று அத்தைக்குத் தெரியவில்லை என்ற பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். கையைப் பிடித்து நடத்த ஆள் வேண்டும் என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

கண் டாக்டர் வயசானவர். அத்தையின் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"விளக்கைச் சுத்தி வானவில்லாட்ட வட்டம் தெரிஞ்சுதாம்மா?"

அத்தை அப்பாவின் குரல் வந்த பக்கமாகத் திரும்பினார். பிறகு, "தெரிஞ்சுதுங்க" என்றார்.

"எத்தனை நாளா?"

"ஐப்பசி மழைக்கு முந்தியிலிருந்தேங்க."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். "ஊட்ல யாருகிட்டயும் சொல்லலீங்களா இவங்க?"

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். "தெனமும் சொன்னாங்க."

வட்டம் தெரிகிறது என்று சொன்ன உடனே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எரிந்து விழுந்தார். இது இரத்த வழியில் வருகிற கோளாறு, கூடப்பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வயசானால் கண்ணைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு கண் முற்றிலும் போய்விட்டது. இன்னொன்றுக்கு ஆபரேசன் செய்தும் நிழல் மட்டும் மிஞ்சியது. சில வருசத்தில் அதுவும் போனது. ஊருக்குள் அப்பா சொன்னது என்ன தெரியுமா? "பவுடர் கண்ணுல பட்டிருச்சுங்க." சாகும் வரை அதையே சொன்னார். அவர் என் அப்பாதான், எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, அத்தையிடம் ஒரு முறை நேராகவே கேட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், விரலாலேயே பார்த்து.

"அத்தை, பல்புல தெரிஞ்சது மழைக்கான கோட்டை இல்லீன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாம என்ன கண்ணு. பல்புல எந்த ஊர்ல மழை வருது?"

"அப்பறம் ஏனுங்க சொல்லலீங்க? கண்ணுக்கு ஆகலீன்னு அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க?"

பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டார். "அதுவரைக்கும் அந்த ஊட்டுல எங்கிட்ட யாரு என்ன கேட்டாங்க? காலைல எந்திரிச்சா நாலு பேரு வந்து, உனக்கு என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. அத வுட மனசு வரல கண்ணு."

எனக்கு அழுகை வந்தது. அத்தை மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. ஒரு மனுசியிடம் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்க, அவர் கண் கெட வேண்டியிருந்ததே என்றுதான் ஆத்திரம். அந்த ஆத்திரம்தான் போன வாரம் உங்கள் பூங்கொத்துகளைப் பார்த்ததும் மறுபடி கிளம்பியது.

இவ்வளவையும் எழுதி உங்களுக்கு அனுப்பும் முன், தம்பியைத் திட்டிவிட்டு அனுப்பலாம் என்று போன் போட்டேன். நான் வருசா வருசம் கண்ணைக் காட்டிக்கொள்கிறேன். அவன் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. நோம்பிக்கு நோம்பி சொல்லிச் சலித்துவிட்டேன்.

"அத்தையப் பத்தி நல்ல விதமாத்தானக்கா போட்டேன்? நீ ஏன் இப்படி எரியறே?"

"அது இருக்கட்டும். நீ கண்ணக் காட்டுனியா இல்லியா?"

"எங்கண்ணுக்கு என்னக்கா? படம் எடுத்தது நாந்தான, பாத்தீல்ல? இந்தப் பொழுது எறங்குனா வண்டி ஓட்டறப்ப எதிர்ல வர்ற லைட்டு கொஞ்சம் வட்டமாத் தெரியுது. ஏஜ் ஆனா எல்லாத்துக்கும் அப்படித்தானாம். டிரைவர் போட்டுக்கலாம்னு இருக்கறேன்."

"வண்டிய எடுத்துட்டு வராத. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

மீதியைக் கோயமுத்தூரில், கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷிப்மெண்ட் நிற்கிறது, பையர் கூப்பிடுகிறார் என்று காலையிலிருந்து முணுமுணுத்த தம்பி, இப்போது போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறான். அறுபது வயது முதலாளி, சட்டைப் பையில் இரண்டு போன், முகத்தில் மட்டும் துணிக் குழாய்க்குள் ஒளிந்து மாட்டிக்கொண்டபோது இருந்த பயம்.

"டாக்டர் என்னக்கா கேப்பாரு?"

"லைட்டச் சுத்தி வட்டம் எத்தனை நாளாத் தெரியுதுன்னு கேப்பாரு. உள்ளதச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து நர்சு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

"போன ஐப்பசிக்கு முந்தியிலிருந்தேக்கா. நீ திட்டுவீன்னு சொல்லல."